முப்பத்தொன்று புள்ளி ஆறு

முத்துசாமி மேல் எனக்குச் சந்தேகம் வந்ததற்கு முதல் காரணம் அவருடைய குடை. சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஒரு கீரைப் பண்ணைக்காக நாங்கள் கட்டிக்கொண்டிருந்த கூடத்துக்கு அவர் சூப்பர்வைசர். வெயிலில் நிற்கிறவர் குடை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் இரண்டு பேர் நனையாமல் போகக்கூடிய பெரிய குடையை விரித்துக்கொண்டு ஒரு மனிதர் தினமும் நடுப்பகலில் என் மீட்டர் பக்கத்தில் போய் நின்றால், நான் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

என் மீட்டர் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அந்த சைட்டின் பாதுகாப்புக்குப் பொறுப்பு நான், லீலா. வயது நாற்பத்தொன்பது. இதற்கு முன்னால் பதினெட்டு வருடம் பாசிர் ரிஸ் வீட்டில், சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பிள்ளைகளை உட்காரவைத்து ஜாக்ரஃபி டியூஷன் எடுத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக இன்டர்நெட்டுக்குப் போய்விட, நான் பாதுகாப்புப் படிப்பு ஒன்றை முடித்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டேன்.

சந்தேகம் என் பிறவிக் குணம். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் எடை போடும்போது நான் மீனைப் பார்க்கமாட்டேன், அவர் விரலைப் பார்ப்பேன். "நீ சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்துதான் வெச்சிருப்ப" என்பார் என் கணவர். இந்த வேலைக்கு அது நல்ல குணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வருடம் வேறொரு சைட்டில் என் கண் முன்னால் ஒருவர் வெயிலில் சுருண்டு விழுந்தார். உயிர் தப்பியது, ஆனால் கிட்னி கெட்டுப்போய் ஊருக்குத் திரும்பினார். விமானம் ஏறுவதற்கு முன் அவர் என்னைப் பார்த்து, "என்னால இனிமே மூட்டை தூக்க முடியாதாம்க்கா" என்று மட்டும் சொன்னார். கிராஞ்சியில் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: இங்கே ஒரு ஆளும் விழக்கூடாது.

அதற்குத்தான் அந்த மீட்டர். முக்காலி மேல் நிற்கும் சின்னக் கருவி. அதில் மூன்று பாகம். ஒன்று காற்றின் சூட்டைப் பார்க்கும். ஈரத்திரி சுற்றிய இன்னொன்று, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, வேர்வை காயுமா காயாதா என்று பார்க்கும். மூன்றாவது ஒரு கறுப்பு உருண்டை, கமலா ஆரஞ்சு அளவு இருக்கும். வெயிலை வாங்குவது அதன் வேலை. மூன்றையும் சேர்த்துக் கருவி ஒரே ஒரு எண்ணைத் தரும். அந்த எண் முப்பத்திரண்டைத் தொட்டால், கனமான வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடம் நிழலில் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும். தொடாவிட்டால் வேலை ஓடும். மணிக்கு ஒருமுறை நான் பார்த்து வாசலில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதுவேன்.

காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் ஆட்களை நிறுத்திப் பத்து நிமிடம் பேசுவது என் கடமை. மற்ற சைட்டில் எல்லாம் "தண்ணி குடிங்க, ஹெல்மெட் போடுங்க" என்பதோடு முடித்துவிடுவார்கள். எனக்குள் இருக்கும் டீச்சர் விடுவாளா? பலகையில் வளைவு வளைவாகக் கோடு போட்டேன்.

"நம்ம தலைக்கு மேல காத்து அடுக்கடுக்கா இருக்கு. நாம இருக்கிறது அடி அடுக்கு. நம்ம ஊர்ப் பக்கம் அது பதினாறு பதினேழு கிலோமீட்டர் உயரம். மேகம், மழை, இடி எல்லாக் கூத்தும் இதுக்குள்ளதான். மேல போகப் போகக் குளிரும். இந்த அடுக்கோட உச்சியில மைனஸ் எண்பது."

"அங்க ஒரு சைட் இருந்தா சொல்லுங்கக்கா, ட்ரான்ஸ்ஃபர் கேட்டு வாங்கிக்கறேன்" என்றான் சேதுபதி. கூரைச் சட்டத்தில் போல்ட் முறுக்குகிற ஆள். புதுக்கோட்டைப் பக்கம். பல் தெரியாமல் அவன் பேசி நான் பார்த்ததில்லை.

"அதுக்கும் மேல போனா திரும்பச் சூடாகும். அங்க ஓசோன் வெயிலை வாங்கி வெச்சுக்கும். எங்க போனாலும் உனக்கு வேலைதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முத்துசாமி மட்டும் சிரிக்காமல் என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

பிறகு காற்றில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். "ஈரமில்லாத காத்துல நூத்துக்கு எழுபத்தெட்டு நைட்ரஜன், இருபத்தொண்ணு ஆக்சிஜன். மிச்சம் ஒண்ணுல ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு எல்லாம். ஆனா நம்ம ஊர்க் காத்துல நூத்துக்கு மூணு பங்கு, சில நாள் அதுக்கும் மேல, நீராவியும் கலந்திருக்கு. ஆளைச் சாய்க்கிறது அதுதான். காத்துல ஏற்கெனவே தண்ணி நெறைஞ்சிருந்தா வேர்வை காயாது. காயலைன்னா உடம்புச் சூடு எறங்காது. உடம்பு உங்களை ஏமாத்தும். நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டே கீழ தள்ளிடும். உடம்பு பொய் சொல்லும், மீட்டர் பொய் சொல்லாது. நான் பலகையில எழுதுறதைப் பாருங்க." இதை நான் தினமும் சொன்னேன். கடைசி வரியை அவர்களையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

அக்டோபர் தொடக்கத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் சைட்டில் பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், கேட்கவேண்டுமா? முதல் நாள் மாலை நான் தேக்காவுக்குப் போய்ச் சந்தனம், குங்குமம், விபூதி, பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கி வந்தேன். கம்பெனி லாரி, ட்ரில்லிங் மெஷின், வெல்டிங் செட், ஏணி, கம்ப்யூட்டர், மீட்டர், என் ஹெல்மெட் என்று எதையும் விடவில்லை. கழுவித் துடைத்துப் பட்டை போட்டு, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினோம். சீன மேனேஜர் ஓங் என்பவர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, பொரியை ஒரு கை வாங்கிக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் மீட்டர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. நடுப்பகலில் 31.4. அடுத்த நாள் 31.5. அதற்கடுத்த நாள் 31.6. என் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குள் வேர்வை இறங்கி எரிகிறது, எண் மட்டும் முப்பத்திரண்டைத் தொடுவேனா என்கிறது. வானமும் அதோடு ஒத்துப்போகவில்லை. காலை பத்து மணிக்கே வடக்கே ஜொகூர்ப் பக்கம் காலிஃபிளவர் மாதிரி மேகம் முளைத்தது. ஒரு மணிக்குள் அது மலையாக ஏறி, மேலே போக இடமில்லாமல் தலை பரந்து நின்றது. மூன்று மணிக்கு இடியோடு கொட்டியது. தரையும் காற்றும் கொதிக்காமல் மேகம் அப்படி எழும்பாது. இதைப் பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

போனில் வானிலைச் செயலியைத் திறந்து ஒப்பிட்டேன். காற்றின் சூடு சரியாக இருந்தது. ஈரமும் சரியாக இருந்தது. கடைசி எண் மட்டும்தான் குறைந்து நின்றது. அப்படியென்றால் வெயில் மட்டும் மீட்டருக்குப் போய்ச் சேரவில்லை. வெயிலை யாரோ மறைக்கிறார்கள். சைட்டில் யாரிடம் குடை இருக்கிறது?

காரணத்தைத் தேடி நான் அலையவேண்டியிருக்கவில்லை. வேலை மூன்று வாரம் பின்தங்கியிருந்தது. எல்லோருக்கும் மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு என்றால் இன்னும் பின்தங்கும். சூப்பர்வைசர் தலைதான் உருளும். முப்பது வருடம் இந்தத் தொழிலில் ஊறிய ஆள், குடையைப் பிடித்து ஒரு எண்ணை இறக்கத் தெரியாதவரா?

நான் கண்காணிக்க ஆரம்பித்தேன். கன்டெய்னர் அலுவலகத்தின் ஜன்னல் திரையை விரல் அளவு விலக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு முத்துசாமி வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து எண்ணைப் படித்தார். பிறகு கறுப்பு உருண்டைப் பக்கம் கையை நீட்டினார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க அண்ணே?"

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா எவ்ளோன்னு பார்த்தேன்."

"பார்க்கிறதுக்குக் கண்ணு போதும்ல? கை எதுக்கு?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். மடியில் கனமில்லாதவர் இப்படிப் போவாரா என்று நான் கேட்டுக்கொண்டேன்.

அன்று மதியம் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் நான்கு பேர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. முத்துசாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மீட்டர் முப்பத்தொண்ணு புள்ளி அஞ்சுதானே? ரெஸ்ட் டைம் இல்லையே அண்ணே."

"தண்ணி குடிக்கிறாங்க மேடம். குடிச்சிட்டுப் போயிடுவாங்க லா."

நால்வரில் ஒருவன் சேதுபதி. மறுநாள் மறைந்திருந்து பார்த்தேன். அன்றும் சேதுபதி இருந்தான். போதுமே! மீட்டரை இறக்கி எல்லோருடைய ஓய்வையும் பறித்துவிட்டு, தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் இவர் நிழல் கொடுக்கிறார். போன வருடம் விமானம் ஏறிய அந்த மனிதரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. அன்று மாலையே மேனேஜர் ஓங்குக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதி அனுப்பினேன்.

ஆதாரம் என்ன என்று அவர் கேட்டார். இன்னொரு மீட்டரை வாடகைக்கு எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிரூபிக்கிறேன், முடிந்தால் கைரேகைகூட எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். விசாரணை முடியும்வரை முத்துசாமியை பிடோக்கில் இருந்த இன்னொரு சைட்டுக்கு அனுப்பினார்கள். அது அவருடைய வீட்டுப் பக்கம்தான், ஆனால் அங்கே அவருக்கு வேலை ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருப்பது. போகும்போது அவர் என்னைத் திட்டவில்லை. "பசங்களைப் பார்த்துக்கோங்க மேடம்" என்றார். இந்த வயதிலும் என்ன நடிப்பு என்று நினைத்தேன். அவர் லாரி வெளியே போனதும், தொட்டிக்குப் பின்னால் போகும் வழியைச் சிவப்பு வெள்ளை நாடா கட்டி அடைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. குடையும் இல்லை, குடைக்காரரும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். 31.6.

எனக்கு என்ன தோன்றியிருக்கவேண்டும்? தோன்றவில்லை. அவருக்கு உடந்தையாக ஒரு ஆள் இருக்கிறான் என்றுதான் தோன்றியது. கூரைமேல் இருந்த சேதுபதியை நிமிர்ந்து பார்த்தேன். வழக்கமாகக் கையாட்டுகிறவன் அன்று ஆட்டவில்லை. கள்ளத்தனம் முகத்தில் தெரிகிறது என்று முடிவுகட்டிக்கொண்டு, பலகையில் 31.6 என்று பெரிதாக எழுதினேன்.

வாடகை மீட்டர் ஒரு மணிக்கு வந்தது. பெட்டியைப் பிரித்து, முக்காலியை விரித்து, பழையதுக்கு அரை மீட்டர் தள்ளி நிறுத்தினேன். கருவி சூடேறி நிலைக்க அரை மணி நேரம் ஆகும். நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரு ஈயைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தேன். பழையது 31.6. புதியது 32.5.

ஒரே வெயில், ஒரே காற்று, நடுவில் நிழல் ஒன்றும் இல்லை. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். புதிய மீட்டரின் உருண்டை கன்னங்கரேல் என்று இருந்தது. பழைய மீட்டரின் உருண்டை வெள்ளையாக இருந்தது.

பூஜையன்று விபூதியைச் சந்தனத்தோடு குழைத்து நான்தான் பட்டை போட்டேன். உருண்டை வழவழவென்று இருந்ததால் முதலில் ஒட்டவில்லை. சரி என்று உருண்டை முழுக்கத் தடவி, காயவிட்டு, அதன்மேல் அழுத்தி இன்னொரு பூச்சும் இழுத்தேன். வெயிலில் அது சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. மழை வந்தால் மீட்டரை உள்ளே எடுத்துவைப்பதும், சாயங்காலம் பிளாஸ்டிக் பை போட்டு மூடுவதும் நான்தான். அதனால் அது கொஞ்சமும் கலையவில்லை. இத்தனை நாளும் தினம் எட்டுத் தடவை அதைப் பார்த்திருக்கிறேன். சாமிக்குப் பூசியது என்றுதான் கண் பார்த்ததே தவிர, வெள்ளை என்று பார்க்கவில்லை. கறுப்பு வெயிலை வாங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! நான் கேட்ட கைரேகையும் அங்கேயே இருந்தது. மூன்று விரல், என்னுடையவை.

"வேலையை நிறுத்துங்க! எல்லாரும் கீழ எறங்குங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். எல்லோரும் இறங்கினார்கள். சேதுபதியும் இறங்கினான். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்து ஏதோ குழறினான். தோல் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி சுட்டது.

கட்டியிருந்த நாடாவை அறுத்துக்கொண்டு அவனைத் தொட்டி நிழலுக்குத் தூக்கிப்போனோம். சட்டையைக் கழற்றி, ஐஸ் பெட்டியில் இருந்ததையெல்லாம் அவன் மேல் கொட்டினோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மேகம் சூரியனை மூடி, மேலே இருந்து குளிர்ந்த காற்று சரிந்து இறங்கி, மழை பிடித்துக்கொண்டது. நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். மீட்டரை உள்ளே எடுத்துவைக்க அன்று யாருமில்லை.

மாலையில் சைட்டுக்குத் திரும்பினேன். இரண்டு உருண்டைகளும் கன்னங்கரேல் என்று நின்றன. மழை சுத்தமாகக் கழுவியிருந்தது.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். யாரும் பார்க்கவில்லை. புதிய மீட்டரின் எண்ணை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் முத்துசாமிதான் குற்றவாளி. அந்த மூன்று பக்கமே அதற்குப் போதும். அவர் மேல் நான் பட்ட சந்தேகத்தைவிட, இப்படி யோசித்த என் மேல்தான் எனக்கு அதிகம் பயம் வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முத்துசாமி எனக்கு முன்னால் அங்கே இருந்தார். சேதுபதியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்லித் தண்ணீரை ஸ்ட்ராவில் கொடுத்துக்கொண்டிருந்தார். கிட்னிக்கு ஒன்றும் இல்லை, இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அக்கா, நேத்து மீட்டர் எவ்ளோ காட்டுச்சு?" என்று கேட்டான் சேதுபதி.

"ஏன் கேக்கற?"

"காலைல பத்தரைக்கே கிறுகிறுன்னு வந்துச்சுக்கா. அண்ணன் இருந்தா நாலு நாலு பேரா எல்லாரையும் மாத்தி மாத்தி நிழலுக்கு அனுப்புவாரு. நேத்து யாரும் கூப்பிடல. பன்னெண்டு மணிக்குக் கூரையில இருந்து பலகையைப் பார்த்தேன், முப்பத்தொண்ணு புள்ளி ஆறுன்னு எழுதினீங்க. நீங்கதானே சொல்வீங்க, உடம்பு பொய் சொல்லும், மீட்டர் பொய் சொல்லாதுன்னு. உடம்புதான் சோம்பேறித்தனம் பண்ணுதுன்னு நெனச்சுட்டு அப்படியே முறுக்கிட்டிருந்தேன்."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முத்துசாமி பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, அன்னிக்கு அந்த உருண்டைகிட்டக் கையைக் கொண்டுபோனீங்களே, எதுக்கு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தொடைச்சுப் பார்க்கலாமான்னுதான் மேடம். வெயில் இப்படிக் கொளுத்துது, நம்பர் ஏறவே மாட்டேங்குதேன்னு தினம் போய்ப் பார்ப்பேன். குடை நிழல் அதுமேல படாமத் தள்ளித்தான் நிப்பேன். வெள்ளைச் சட்டை போட்டா நமக்கு வெயில் கொஞ்சம் தாங்கும்ல, அந்த மாதிரி இதுக்கும் இருக்குமோன்னு ஒரு நெனப்பு."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சாமிக்குப் பூசினதைப் போய் எப்படித் தொடைக்கிறது? கை வரல. அதோட, பூசினது நீங்க. காத்து, மேகம்னு எல்லாம் படிச்சவங்க. தெரியாமயா பூசியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். நம்மால முடிஞ்சது, பசங்களைக் கொஞ்சம் உக்கார வெச்சேன்."

இத்தனை நாளும் நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்து இந்த மனிதரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ என் படிப்பை நம்பி அந்தக் கையை இழுத்துக்கொண்டிருக்கிறார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுகை வந்தது, அழுதேன். சேதுபதி பயந்துபோய், "எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே மேனேஜர் ஓங்குக்கு போன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். முத்துசாமி வேண்டாம் என்று கையை ஆட்டினார். மீட்டரில் கை வைத்தது யார் என்று தெரிந்துவிட்டது என்றேன். முத்துசாமிதானே என்று கேட்டார் ஓங்.

"இல்லை, நான்" என்றேன்.